காட்சிக்கு விலை என்ன?

மலைச் சரிவில் வீடு விற்கப் போகும் தோழர்களுக்கு ஒரு கணக்கு

(கோவை வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய ஞாயிறு வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்.)



போன வகுப்பு முடிந்ததும் ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். முப்பத்திரண்டு ஆண்டுகள் நூல் ஆலையில் பாடுபட்டு ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் கோத்தகிரிப் பக்கம் ஒரு மேட்டில் மனை வாங்கி, ஆளுக்கொரு வீடாக மகனுக்கும் மகளுக்கும் இரண்டு ஓட்டு வீடுகள் கட்டி வைத்துவிட்டுப் போனார். மகளின் கல்யாணச் செலவுக்காகப் பெரியவர் தம்முடைய வீட்டை விற்க நினைத்தார். தரகர் வந்தார். சுவரைத் தட்டினார், ஓட்டை அண்ணாந்து பார்த்தார்.

"பெரியவரே, சுவரெல்லாம் பாசி புடிச்சுக் கிடக்குது, ஓடு ஒழுகுது. வழிகாட்டி மதிப்பு என்னவோ அதுக்கு மேல ஒரு காசு எவனும் தர மாட்டான். உங்க முகத்துக்காக நான் பார்த்து முடிச்சுத் தர்றேன்" என்றார்.

பெரியவர் நம்பினார். விற்கும் அதிகாரத்தையும், அதாவது 'பவர்' பத்திரத்தையும், அவர் பேரிலேயே எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து, விட்டுப் போன அம்மிக்கல்லை எடுத்து வரலாம் என்று மலைக்குப் போனார். அதே திண்ணையில் அதே தரகர் ஒரு பட்டணத்துக் கனவானோடு உட்கார்ந்திருந்தார்.

"ஓட்டைப் பார்க்காதீங்க சார், அது கிடக்கட்டும். இப்படித் திரும்பிப் பாருங்க. பவானி ஆறு, மேட்டுப்பாளையம், அதுக்கு அந்தப் பக்கம் சமவெளி. இந்தத் திண்ணைக்குத்தான் சார் விலை!" என்று சொல்லிக் கொண்டிருந்தார்.

பெரியவர் என்னிடம் கேட்டார்: "எனக்குச் சுவரைக் காட்டினான், அவருக்கு மலையைக் காட்டினான். மலைக்கு விலை உண்டுங்களா தோழர்? உண்டுன்னா அது யாருக்குச் சேர வேண்டியது? பக்கத்துல என் தங்கச்சி வீடு அப்படியே இருக்குது. வர்ற தை மாசம் அதையும் கேட்டு வர்றதாச் சொல்லியிருக்கான்."

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்வதுதான் இன்றைய பேச்சு.

மலை பழையது, விலை புதியது

முதல் கேள்வி: மலைக்கு விலை உண்டா?

கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் உதகையில் கல் வீடு கட்டத் தொடங்கினார். அதற்கு முன்பே தோடர்களும் கோத்தர்களும் படகர்களும் அந்த மலைகளில் வாழ்ந்து வந்தார்கள். மலை அன்றும் இதே நீலமாகத்தான் இருந்தது. ஆனால் மலை தெரியும் மனை என்று கூடுதல் விலை சொல்ல ஆள் இல்லை. பிறகு சென்னை மாகாண சர்க்கார் கோடைக் காலத்தில் உதகைக்குக் குடிபோனது. பாதைகள் வெட்டப்பட்டன. 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில் ஓடியது. 1908-ல் அது உதகையை எட்டியது. பாறையைக் குடைந்தவன் யார், தண்டவாளம் சுமந்தவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரயிலும் ரோடும் போன பிறகுதான் காட்சிக்கு விலை ஏறிற்று. பாதையில்லாத மலையுச்சியில் இதைவிட அழகான காட்சி உண்டு. அங்கே ஒரு மனைக்குக் கால் ரூபாய் கூடுதலாகத் தருவார் இல்லை. காட்சி இயற்கை தந்தது. அதன் விலை ஜனங்கள் கூடிய கூட்டத்தால் வந்தது.

இதை ஆலைத் தோழர்கள் சுலபமாகப் புரிந்து கொள்ளலாம். 1932-ல் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கிய பின் கோவை ஆலைகள் எப்படிப் பெருகின என்பது உங்களுக்குத் தெரியும். மலையிலிருந்து விழும் தண்ணீர் தறியையும் கதிரையும் ஓட்டியது. கார்ல் மார்க்ஸ் எழுதிய 'மூலதனம்' நூலின் மூன்றாம் பாகம் அவர் காலமான பிறகு, 1894-ல் ஏங்கெல்ஸால் வெளியிடப்பட்டது. அதில் நிலவாரத்தை விளக்க அவர் ஓர் அருவியைத்தான் உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். ஓர் ஆலைக்காரன் நீராவிக்காகக் கரி வாங்குகிறான். இன்னொருவனுக்கு அருவி இருக்கிறது; கரிச் செலவு மிச்சம். அந்த மிச்சத்தை அருவி இருக்கும் நிலத்துக்குச் சொந்தக்காரன் வாரமாகக் கேட்கிறான். அருவியை எந்த உழைப்பும் உண்டாக்கவில்லை. ஆனாலும் அதற்கு விலை உண்டு. வருஷா வருஷம் கிடைக்கும் அந்த வாரத்தை மொத்தமாகக் கட்டிக் கேட்பதே அந்த விலை.

மலைக்காட்சியும் இதே ஜாதிதான். உங்கள் வீட்டையும் அதே அளவு, அதே வயதுள்ள இன்னொரு வீட்டையும் பக்கத்தில் வையுங்கள். உங்கள் வீட்டிலிருந்து பள்ளத்தாக்கு தெரிகிறது. மற்றதிலிருந்து எதிர்வீட்டுச் சுவர் தெரிகிறது. ஒருவன் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு அதிகம் தரத் தயாராக இருக்கிறானோ அந்த அதிகம்தான் காட்சியின் விலை. அதில் ஒரு பைசா கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மூன்று பத்தி எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து மூன்று பத்தி போடுங்கள்: மனை, கட்டடம், காட்சி. மூன்றையும் கலந்து ஒரே தொகையாகப் பேசுகிற இடத்தில்தான் நம் ஆள் ஏமாறுகிறான்.

கணக்குப் பழகுவதற்காக நானாக ஒரு தொகை போடுகிறேன். இது எந்த ஊர் விலையும் அல்ல. பெரியவருடைய தங்கை வீடு 5 சென்ட் மனை என்று வைத்துக் கொள்வோம். அதே ஊரில், காட்சி இல்லாத பின்வரிசையில் சென்ட் 4 லட்சத்துக்கு விற்றிருக்கிறது. மனை 20 லட்சம். வீடு 700 சதுர அடி. இன்று கட்டினால் சதுர அடிக்கு 2,000 ரூபாய், ஆக 14 லட்சம். வயதாகிவிட்டது, பாதி ஆயுள் போயிற்று என்றால் கட்டடம் 7 லட்சம். இரண்டும் சேர்ந்து 27 லட்சம்.

இப்போது காட்சி. அதே தெருவில் ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு வீடுகள் சமீபத்தில் கைமாறியிருக்க வேண்டும். பின்வரிசை வீடு 30 லட்சம், பள்ளத்தாக்கைப் பார்த்த வீடு 36 லட்சம் என்றால் வித்தியாசம் 6 லட்சம். அதாவது 20 சதவீதம். தங்கையின் 27 லட்சத்துக்கு 20 சதவீதம் போட்டால் 5 லட்சத்து 40 ஆயிரம்.

இதை இன்னொரு வழியில் சரிபாருங்கள். முன்வரிசை வீட்டு வாடகை மாதம் 9,000, பின்வரிசை 7,000. வித்தியாசம் 2,000, வருஷத்துக்கு 24,000. அந்த ஊரில் வீட்டில் போட்ட பணத்துக்கு வாடகையாக நூற்றுக்கு 5 கிடைக்கிறது என்றால், 24,000 தரக்கூடிய முதல் 4 லட்சத்து 80 ஆயிரம். இரண்டு வழியும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ஆகவே காட்சி சுமார் 5 லட்சம். வீடு மொத்தம் சுமார் 32 லட்சம். இரண்டு வழியும் வெகுதூரம் விலகினால் எங்கோ தப்பு இருக்கிறது, மறுபடி விசாரியுங்கள் என்று அர்த்தம்.

தரகர் வந்து "ஓடு ஒழுகுது, 24 லட்சம்" என்கிறார். ஓடு மாற்ற எவ்வளவு ஆகும்? ஒரு லட்சம் என்றால் ஒரு லட்சத்தை மட்டும் கழியுங்கள். ஒழுகுவது ஓடுதான், மலை ஒழுகவில்லை!

இந்தத் தகவல்களை எங்கே சேகரிப்பது? பதிவான கிரயத் தொகை வில்லங்கச் சான்றில் தெரியும். ஆனால் பத்திரத்தில் எழுதுவது ஒன்று, கைமாறுவது ஒன்று என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே விற்றவரையே போய்க் கேளுங்கள். கொத்தனாரையும் டீக்கடைக்காரரையும் கேளுங்கள். ஒருவர் சொல்வதோடு நிற்காமல் மூன்று பேரிடம் கேளுங்கள்.

எல்லாக் காட்சியும் ஒன்றல்ல

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பெல்லிங்ஹாம் நகரத்தின் வீட்டு விற்பனைகளைக் கணக்கெடுத்து 1998-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. கடல் தடையில்லாமல் முழுதாகத் தெரியும் வீட்டுக்கு ஏறக்குறைய 60 சதவீதம் விலை கூடியது. கடல் கொஞ்சமாகத் தெரியும் வீட்டுக்கு 8 சதவீதம்தான். அந்தச் சதவீதத்தைக் கோத்தகிரிக்குக் கொண்டு வரக்கூடாது. ஆனால் அது காட்டும் பாடம் நமக்கும் பொருந்தும்: ஒரே கடல், ஒரே ஊர், விலையில் இவ்வளவு தூரம்.

ஆகவே உங்கள் வீட்டைக் கேள்வி கேளுங்கள். உட்காரும் அறையிலிருந்து தெரிகிறதா, மொட்டை மாடிக்கு ஏறினால்தான் தெரிகிறதா? முழுப் பள்ளத்தாக்கா, இரண்டு சுவருக்கு நடுவே ஒரு கீற்றா? வருஷத்தில் எத்தனை மாதம் மூடுபனி மறைக்கிறது? நடுவில் குப்பை மேடு இருக்கிறதா?

இதில் மறுபக்கமும் உண்டு. சிலர் தங்கள் ஆசைக்கே விலை போடுகிறார்கள். "தாத்தா நட்ட மரம், நான் பிறந்த திண்ணை" என்று அன்பையெல்லாம் கூட்டி இரண்டு மடங்கு கேட்கிறார்கள். அந்த அன்பு உண்மைதான். அதற்கு எவனும் பணம் தர முடியாது. வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் கட்டடப் பத்தி குறைகிறது. கடைசியில் சுவர் சரிந்து, முதல் நாள் வந்த விலைக்கும் கீழே விற்கிறார்கள். குறைத்து விற்பது ஒரு நஷ்டம், கூட்டிச் சொல்லிக் காத்திருப்பது இன்னொரு நஷ்டம்.

செலவில்லாத வேலை ஒன்று சொல்கிறேன். வானம் தெளிந்த நாளில் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சன்னல் கண்ணாடியைத் துடையுங்கள். முன்னால் மண்டிய புதரை வெட்டுங்கள். ஆனால் மரத்தைத் தொடாதீர்கள். 1955-ம் ஆண்டு மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அமலில் உள்ள இடங்களில் அனுமதியில்லாமல் மரம் வெட்டுவது குற்றம்.

நாளைக்கும் தெரியுமா?

விவரமான ஆள் வாங்க வந்தால் முதலில் கேட்பது இதைத்தான். முன்னால் இருக்கும் நிலம் யாருடையது?

இங்கிலாந்தில் 1610-ல் ஆல்டிரெட் என்பவர் ஒரு வழக்குப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரன் அவர் வீட்டை ஒட்டிப் பன்றிக் கொட்டில் போட்டுவிட்டான். நாற்றத்துக்கு நிவாரணம் உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. காற்றும் வெளிச்சமும் மனிதனுக்குத் தேவை என்றது. ஆனால் கண்ணுக்கு இனிய காட்சி வெறும் மகிழ்ச்சிதான், அதை மறைத்ததற்காக வழக்குப் போட முடியாது என்றும் சொல்லி வைத்தது. நம் நாட்டிலும் 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டுகள் தடையில்லாமல் வீட்டுக்குள் வந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை கோரலாம். காட்சிக்கு அப்படிக் கோர முடியாது.

அர்த்தம் என்ன? முன்னால் உள்ள மனை தனியாருடையதானால் உங்கள் காட்சி இரவல் காட்சி. அவர் இரண்டு மாடி எழுப்பினால் 5 லட்சமும் போயிற்று. முன்னால் ஓடையோ, வனத்துறைக் காடோ, கட்ட முடியாத சரிவோ இருந்தால் காட்சி நிலைத்தது, விலையை விட்டுக்கொடுக்காதீர்கள். மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வரும் கிராமங்களில் மனை பிரிக்கவும் கட்டடம் எழுப்பவும் தனிக் கட்டுப்பாடு உண்டு. அது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. முன்னால் ஒருவன் சுலபமாகக் கட்ட முடியாது. அது உங்களுக்கு லாபம். உங்கள் வீட்டை வாங்குகிறவனும் நினைத்தபடி விடுதி எழுப்ப முடியாது. அதனால் அவனும் அளந்துதான் கொடுப்பான். கிராம நிர்வாக அலுவலகத்தில் முன் நிலத்தின் சர்வே எண்ணையும் வகைப்பாட்டையும் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் பல லட்சம் பெறும்.

காட்சி தரும் சரிவே உயிரையும் கேட்கும்

தோழர்களே, இதைச் சொல்லாமல் விலை பேசுவது பாவம். வீட்டுக்கு முன்னால் தரை இறங்கிப் போவதால்தான் காட்சி கிடைக்கிறது. அந்தச் சரிவே மழையில் நகரும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் சரிவுகள் இடிந்து 40-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தார். 2024 ஜூலை 30-ம் தேதி விடியற்காலையில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் அடித்துச் செல்லப்பட்டு 200-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பார்க்க வந்தவர்கள் புகழ்ந்த மலைகள்தான் இவை.

ஆகவே சுவரில் புதிதாகச் சாய்வான விரிசல் கண்டிருக்கிறதா, முற்றத்தில் மண் பிளந்திருக்கிறதா, மேலிருந்து வரும் ஓடையை யாராவது அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படிப்பட்ட குறையை மறைத்து விற்காதீர்கள். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நாம் வாங்கிய பணத்துக்காக இன்னொருவன் பிள்ளை மண்ணுக்குள் போகக்கூடாது.

பத்திரத்தில் எழுதாத பணம்

தரகர் சொன்ன வழிகாட்டி மதிப்பு என்பது என்ன? முத்திரைத் தீர்வை வசூலிப்பதற்காகச் சர்க்கார் தெருவாரியாகவும் சர்வே எண்வாரியாகவும் போட்டு வைத்த மதிப்பு. பதிவுத் துறையின் வலைத்தளத்தில் யாரும் பார்க்கலாம். அதற்குத் தெருவின் பெயர் தெரியும், சர்வே எண் தெரியும். உங்கள் சன்னலில் என்ன தெரிகிறது என்பது தெரியாது. ஒரே தெருவில் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் ஒரே மதிப்பு இருக்கலாம். அது வரி வசூலுக்கான அளவு. அதற்கு மேல் விற்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

இங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை மாற்று வரியோடு 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இதை மிச்சம் பிடிக்க, வாங்குகிறவர் "வழிகாட்டி மதிப்பை மட்டும் பத்திரத்தில் போடுவோம், மீதியைக் கையில் தருகிறேன்" என்பார். அந்த மீதி எது? மதிப்பில் சேராத காட்சியின் விலைதான்! அது எழுத்தில் இல்லை, வங்கியில் இல்லை. கையெழுத்தான பிறகு அவர் கையை விரித்தால் எந்தக் கோர்ட்டில் போய் நிற்பீர்கள்? முழுத் தொகையையும் பத்திரத்தில் எழுதி, வங்கி மூலமாக வாங்குங்கள்.

தரகருக்குப் 'பவர்' எழுதாதீர்கள். ஆள் கொண்டு வந்தால் தரகு இவ்வளவு என்று முன்னதாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். உழைப்புக்குத் தரகு கொடுப்பது நியாயம். காட்சியையே தரகாகக் கொடுப்பது நியாயமல்ல. மனதுக்குள் இரண்டு தொகை வையுங்கள்: கேட்கும் விலை, இதற்குக் கீழே இறங்குவதில்லை என்னும் விலை. இரண்டாவதை வீட்டாருக்குத் தவிர ஒருவருக்கும் சொல்லாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பட்டாவைப் பாருங்கள். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை அம்மக்களைத் தவிர வேறு வகுப்பாருக்கு விற்க முடியாது. இலவச மனைப் பட்டாவிலும் நிபந்தனைகள் உண்டு, படித்துப் பாருங்கள்.

பட்டாவே இல்லாதவர் கதையும் நமக்குத் தெரியும். திருநெல்வேலிச் சீமையில் மாஞ்சோலை மலையைவிட அழகான இடம் எது? சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மலை அது. 2028-ல் குத்தகை முடிகிறது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களை 2024-ல் விருப்ப ஓய்வு என்று சொல்லி இறங்கச் சொன்னார்கள். அந்தப் பச்சைச் சரிவை உண்டாக்கிய கைகளுக்கு அங்கே விற்க ஒரு சென்ட் மனை கிடையாது.

யாருக்குச் சேர வேண்டியது?

பெரியவரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மலையை அவர் உண்டாக்கவில்லை. தரகரும் உண்டாக்கவில்லை. ரோடு வெட்டியவர், ரயில் போட்டவர், சரிவில் தேயிலை நட்டவர், இத்தனை பேருடைய உழைப்பால் ஏறிய விலை அது. அதை ஒரு சமுதாயம் எப்படிப் பங்கிட்டுக் கொள்ள வேண்டும் என்பது பெரிய கேள்வி. இன்னொரு வகுப்பில் பேசலாம். ஆனால் இன்றுள்ள சட்டப்படி அந்த விலை விற்கிறவர் கைக்குத்தான் வருகிறது. அப்படியிருக்க, முப்பது ஆண்டு பாடுபட்டவரின் தங்கை அதை விட்டுவிட்டு, மூன்று மாதம் திண்ணையில் உட்கார்ந்தவர் எடுத்துக் கொள்ள வேண்டும் என்று எந்த நியாயமும் சொல்லவில்லை.

தை மாதம் தரகர் வரட்டும். சுவரைத் தட்டட்டும், ஓட்டை அண்ணாந்து பார்க்கட்டும். பெரியவரும் அவர் தங்கையும் திண்ணையில் உட்கார்ந்திருக்கட்டும். கையில் மூன்று பத்தி எழுதிய நோட்டு இருக்கட்டும். அவர் பேசி முடித்ததும் அந்த அம்மாள் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்:

"ஓட்டைப் பார்த்தாச்சுங்களா? இனி இப்படித் திரும்பி மலையைப் பாருங்க. அப்புறம் விலையைச் சொல்லுங்க."